கார் டார்க் ரெஞ்ச் சைக்கிளுக்கு ஆகுமா?

கேள்வி: கார்பன் சீட் போஸ்ட் உள்ள ரோடு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். கார் சக்கர நட்டுக்காக வாங்கிய அரை இன்ச் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பேனர்) வீட்டில் இருக்கிறது, 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை காட்டும். இதையே வைத்துச் சமாளிக்கலாமா? புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால் எதை வாங்குவது?

சமாளிக்க முடியாது. ரெஞ்ச் மோசம் என்பதால் இல்லை, அது தொடங்குவதே 28-இல். உங்கள் சைக்கிளில் கெட்டுப்போகக் கூடிய போல்ட் எல்லாம் அதற்கு ரொம்பக் கீழே இருக்கிறது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட், சீட் போஸ்ட் கிளாம்ப் இரண்டும் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டருக்குள் வந்துவிடும். ஷிமானோ கிராங்கின் (பெடல் மாட்டும் தண்டு) இடது கையில் உள்ள இரண்டு போல்ட் 12 முதல் 14 வரை. கேசட் லாக்ரிங் (பின் சக்கரப் பல்சக்கரங்களைப் பிடிக்கும் வளையம்), பெடல், பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் பேரிங் பகுதி) மட்டும்தான் 35, 40 என்று மேலே போகும்.

5 நியூட்டன் மீட்டர் என்றால் எவ்வளவு என்று பாருங்கள். 10 சென்டிமீட்டர் நீள எல் கீயின் நுனியில் சுமார் 5 கிலோ பாரம், அவ்வளவுதான். கை கொஞ்சம் தாராளமாக இழுத்தாலே அது 10 ஆகிவிடும். அலுமினியம் என்றால் மரை போகும், கார்பன் என்றால் விரிசல் விடும், அந்த விரிசலும் பல சமயம் வெளியே தெரியாது. கேசட் லாக்ரிங்குக்கு வேண்டிய 40 வேறு கதை: 25 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 16 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும், நன்றாக இறுக்கினால் போதும், அங்கே கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதனால் காசு போட வேண்டியது சின்ன ரெஞ்சில்தான்.

கால் இன்ச் டிரைவ் (பிட் மாட்டும் சதுர முனையின் அளவு), 2 முதல் 14 வரை காட்டும் கிளிக் வகை வாங்குங்கள், வைத்த அளவு வந்ததும் அது கிளிக் என்று சொல்லும். ஒன்று கவனிக்க வேண்டும்: கிளிக் ரெஞ்ச் தன் அளவின் அடிமட்டத்தில் அவ்வளவு நம்பகமாக இருக்காது, பொதுவாக உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே இருந்துதான் துல்லியம் சொல்வார்கள். 5 முதல் 25 வரை என்று விற்பதை வாங்கினால் உங்களுக்கு முக்கியமான 5 சரியாக விளிம்பில் போய் நிற்கும். அப்புறம், அந்த அளவில் கிளிக் சத்தம் ரொம்ப மெல்லியது, காதை நம்பாமல் கையில் படும் உதறலைக் கவனியுங்கள். கிளிக் வந்ததும் நிறுத்திவிடுங்கள், இன்னொரு தரம் சோதித்துப் பார்ப்பதாக நினைத்து இழுத்தால் இன்னும் இறுகும்.

செலவு இடித்தால் முள் காட்டும் பீம் வகை இருக்கிறது. உள்ளே ஸ்பிரிங் இல்லாததால் அளவு எளிதில் கெடாது, இரண்டு பக்கமும் காட்டும், ஆனால் முள்ளை நேராக மேலிருந்து பார்க்க வேண்டும், சைக்கிளின் இடுக்குகளில் அது சில நேரம் தொல்லை. சீட் உயரம், ஹேண்டில்பார் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறவருக்கு 5-இல் நிலையாக வைத்த டி வடிவக் கருவியே போதும், பார்க் டூலின் 4 முதல் 6 வரை மாற்றிக்கொள்ளும் வகை இன்னும் வசதி. டிஜிட்டல் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, வேண்டிய நாளில் பேட்டரி செத்திருக்கும்.

ரெஞ்சோடு 4, 5 மில்லிமீட்டர் ஹெக்ஸ் பிட், நட்சத்திர முனை கொண்ட டி25 பிட் மூன்றும் வந்திருக்கிறதா என்று பாருங்கள், அவை கொஞ்சம் நீளமாக இருந்தால் நல்லது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், பல கிளிக் ரெஞ்ச் ஒரு பக்கம் மட்டுமே அளக்கும், அதை அங்கே நம்பாதீர்கள்.

எந்த எண்ணை வைப்பது என்பதற்குப் பாகத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அதில் மேக்ஸ் என்று இருந்தால் அது உச்சவரம்பு, அங்கேயே போய் நிற்க வேண்டியதில்லை. கார்பன் சீட் போஸ்ட்டுக்கு கிரீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட் தடவுங்கள், மணல் மாதிரி பொடி கலந்திருப்பதால் குறைந்த இறுக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும். 4-இல் தொடங்கி, ஓட்டிப் பார்த்து, சீட் இறங்கினால் மட்டும் அரை அரையாகக் கூட்டுங்கள். ஸ்டெம்மின் நாலு போல்ட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கி, மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கிறதா பாருங்கள். தயாரிப்பாளர் மேலே இடைவெளியே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னபடிதான்.

போல்ட்டைக் கழற்றுவதற்கு டார்க் ரெஞ்சை எடுக்காதீர்கள், அதற்குச் சாதாரண எல் கீ போதும். வேலை முடிந்ததும் கிளிக் ரெஞ்சை அதன் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், அதற்கும் கீழே இறக்க வேண்டாம்.