ஆசிரியர் பயிலரங்கம்: விடைத்தாள் கட்டிலிருந்து திட்டமிடுங்கள்

கேள்வி: எங்களுடையது அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. ஆசிரியர்கள் 14 பேர், ஆசிரியரல்லாப் பணியாளர்கள் 5 பேர். ஜூன் முதல் வாரத்தில் இரண்டு நாள் பயிலரங்கம் நடத்த நிர்வாகம் ஒப்புதல் தந்து 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. சென்ற ஆண்டு வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்தோம். எல்லோரும் பாராட்டினார்கள், ஆனால் வகுப்பறையில் எந்த மாற்றத்தையும் நான் பார்க்கவில்லை. இம்முறை யாரைக் கருத்தாளராக அழைக்கலாம்? எப்படித் திட்டமிடலாம்? பணியாளர்களையும் சேர்க்க வேண்டுமா?
— தலைமையாசிரியை ஒருவர்

பதில்: யாரை அழைப்பது என்பதைக் கடைசியாகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பயிலரங்கத்தின் தலைப்பு அங்கிருந்துதான் வர வேண்டும். அதற்கான சான்று உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. முழு ஆண்டுத் தேர்வின் விடைத்தாள் கட்டுகளைப் பழைய தாள் வியாபாரிக்குப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். மே மாத இறுதியில் இரண்டு மூன்று ஆசிரியர்களுடன் உட்கார்ந்து, மதிப்பெண்ணைப் பார்க்காமல், பிழைகளை மட்டும் புரட்டிப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 503-இலிருந்து 278-ஐக் கழிக்கச் சொன்னால் விடை 225. ஒரு பிள்ளை 375 என்று எழுதியிருக்கும்; இன்னொரு பிள்ளை 325 என்று எழுதியிருக்கும். இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறிதான் விழுந்திருக்கும். ஆனால் 375 எழுதிய பிள்ளை, எந்த இலக்கம் மேலே, எது கீழே என்று பாராமல், ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தல் என்ற கருத்தே அதற்கு இன்னும் எட்டவில்லை. 325 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவிலிருக்கும் சுழியத்தை 9 ஆக்கிய பிறகு, நூறாம் இடத்தின் 5-ஐ 4 ஆக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டது. முதல் பிள்ளைக்குக் குச்சிகளும் பத்துக் கட்டுகளும் கொண்டு தொடக்கத்திலிருந்து சொல்லித்தர வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். இந்த வேறுபாட்டைக் காணும் கண்ணை ஆசிரியருக்குத் தருவதே ஒரு பயிலரங்கத்துக்குப் போதிய வேலை என்பது என் உறுதியான கருத்து.

ஆறு முதல் எட்டு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களும், தமிழாசிரியரும், ‘இது தொடக்க வகுப்புக் கணக்கு, எங்களுக்கு இதில் என்ன?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனவே தலைப்பைக் கழித்தல் என்று வைக்காமல் ‘பிழையைப் படித்தல்’ என்று வையுங்கள். ‘பறவை’ என்பதைப் ‘பரவை’ என்று எழுதும் பிள்ளையின் தாளைத் தமிழாசிரியர் கொண்டுவரட்டும். அந்தப் பிள்ளை கவனக்குறைவாக எழுதியதா, அல்லது சொல்வதெழுதுதலின்போது ஆசிரியரே ர, ற இரண்டையும் ஒரே ஒலியில் உச்சரித்ததால் வேறுபாட்டைக் கேட்கவே வாய்ப்பில்லாமல் போயிற்றா என்று எல்லோரும் சேர்ந்து பேசலாம். அறிவியல் ஆசிரியர் தம் பாடத்திலிருந்து ஐந்து தாள்களைக் கொண்டுவரட்டும். ஒவ்வொருவரும் தம் வகுப்பின் தாளோடு வரும்போது, பயிலரங்கம் யாருக்கும் அந்நியமாக இருக்காது.

அடுத்தது காலப் பங்கீடு. இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட நினைப்பதுதான் சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்த ஏமாற்றத்தின் வேர் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் கல்வித் துறைக்காக 2007-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, ஆசிரியர் பயிற்சி குறித்த 1,300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தது. சான்றின் தரத்தில் தேறியவை 9 மட்டுமே. அந்த ஒன்பதில், 14 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி தரப்பட்ட இடங்களில் பிள்ளைகளின் கற்றலில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது; அதைவிடக் குறைவாகத் தரப்பட்ட இடங்களில் அப்படித் தெரியவில்லை. பதினான்கு என்பதை மந்திர எண்ணாகக் கொள்ள வேண்டாம். நாடும் வேறு, பள்ளிச் சூழலும் வேறு. ஆனால் ஒருநாள் சொற்பொழிவு வகுப்பறையை மாற்றாது என்பதை நான் பயிற்றுநராக இருந்த ஆண்டுகளிலும் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

எனவே ஜூன் பயிலரங்கத்தின் முதல் நாளில் ஐந்து மணி நேரத்தைப் ‘பிழையைப் படித்தல்’ என்பதற்கு ஒதுக்குங்கள். பிறகு ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர், ஜனவரி, பிப்ரவரி ஆகிய ஆறு மாதங்களிலும் மாதத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் அதே பொருளைத் தொடருங்கள். செப்டம்பரையும் டிசம்பரையும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்காக விட்டுவிடலாம். அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் நடக்கும் சனிக்கிழமையில் இதை வைக்காதீர்கள். ஒரே மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளை இழக்கும் ஆசிரியரிடம் ஆர்வத்தை எதிர்பார்க்க முடியாது. வேலைநாளின் மாலை நேரமே நல்லது, ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர்களைக் கேட்டுக்கொண்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

முதல் நாள் முற்பகலில் விடைத்தாள்களைப் பாட வாரியாக மேசையில் பரப்பி, மூன்று அல்லது நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிழைகளை வகைப்படுத்தட்டும். பிற்பகலில் ஒரு மாதிரி வகுப்பு நடக்க வேண்டும். பள்ளி திறக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். பெற்றோரின் சம்மதத்துடன் அக்கம்பக்கத்துத் தெருவிலிருந்து எட்டுப் பிள்ளைகளை நாற்பது நிமிடத்துக்கு வரவழைத்தால் போதும். ஓர் ஆசிரியர் பாடம் நடத்துவார்; மற்றவர்கள் ஒருவரோ இருவரோ ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து, அந்தப் பிள்ளை எதை எழுதியது, எதை அழித்தது, எந்த நொடியில் பென்சிலைக் கீழே வைத்தது என்று குறித்துக்கொள்வார்கள். பாடம் நடத்தியவரைப் பற்றி ஒரு சொல்லும் பேசக்கூடாது என்பதை முன்பே விதியாக்கிவிடுங்கள். ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஒன்றாகப் பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் உற்றுநோக்கி, பிறகு கலந்து பேசும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது; இது அதன் எளிய வடிவம்தான். முதன்முதலாகப் பாடம் நடத்த யாரும் முன்வராவிட்டால் நீங்களே நடத்துங்கள். தலைமையாசிரியர் பிழையோடு பாடம் நடத்துவதைப் பார்த்த பிறகு ஆசிரியர்களின் அச்சம் பெரும்பாலும் விலகிவிடும்.

இப்போது கருத்தாளருக்கு வருவோம். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரையோ, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளரையோ முறைப்படி கடிதம் எழுதிக் கேளுங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சிக்குச் சென்றுவந்த ஆசிரியர் உங்களிடமே இருந்தால், ஓர் அமர்வை அவரிடம் ஒப்படையுங்கள். வெளியிலிருந்து வருபவரிடம் விடைத்தாள் நகல்களை ஒரு வாரம் முன்பே அனுப்பி வையுங்கள். அவற்றைப் பார்க்க நேரமில்லை என்பவர் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படமாட்டார்.

இரண்டாம் நாள் முற்பகலில் பணியாளர்கள் உட்பட பத்தொன்பது பேரும் ஒன்றாக அமர வேண்டும். சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சேர்க்க வேண்டும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை தூய்மைப் பணியாளரிடமோ வேன் ஓட்டுநரிடமோதான் மனம்விட்டுப் பேசும். இந்த அமர்வின் பொருள் குழந்தைப் பாதுகாப்பு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்ததாக அறிய வரும் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ‘நான் வெறும் காவலாளி’ என்று விலக முடியாது. தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. 1098 என்ற சிறார் உதவி எண் எல்லோர் கைப்பேசியிலும் அந்த அறையிலேயே பதிவாக வேண்டும். பிள்ளை ஒன்றைச் சொல்லும்போது குறுக்கிடாமல் கேட்பது, துருவித் துருவி விசாரிக்காமல் இருப்பது, ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் நடித்துக் காட்டிப் பழக்குங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருப்பதையும் இங்கேயே எல்லோருக்கும் விளக்கிவிடலாம். பிற்பகலை ஆசிரியர்களிடமே விட்டுவிடுங்கள்; முதல் மூன்று வாரத்துக்கான பாடக்குறிப்பை இருவர் இருவராக எழுதட்டும்.

பணத்தை ஜூனிலேயே செலவழித்து முடிக்காதீர்கள். உணவு, நகல், கருத்தாளரின் பயணச் செலவு எல்லாம் போகப் பாதித் தொகையாவது மாதக் கூட்டங்களுக்கு மிஞ்ச வேண்டும். பந்தலும் பொன்னாடையும் நினைவுப் பரிசும் வேண்டாம் என்று நிர்வாகத்திடம் இப்போதே பேசிவிடுங்கள்.

கடைசி அமர்வில் ‘மிக நன்று, நன்று’ என்று குறியிடும் படிவத்தைக் கொடுப்பதால் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஜூன் இரண்டாம் வாரத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று கழித்தல் கணக்குகளும், மற்ற வகுப்புகளுக்கு அந்தந்த ஆசிரியர் தேர்ந்த ஐந்து வினாக்களும் கொடுத்து, எத்தனை பேர் எந்த வகைப் பிழை செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். அதே வகை வினாக்களை நவம்பரில் மீண்டும் கொடுத்து, அந்த மாதக் கூட்டத்தில் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பேசுங்கள். 375 எழுதும் பிள்ளைகள் குறையாமல் இருந்தால், ஜனவரிக் கூட்டத்துக்கு வேறு தலைப்பைத் தேடாமல் அதையே மறுபடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.