ஆச்சியின் ஒரு புள்ளி

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் அரசுப் பள்ளியில் ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் குறைகிறார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஏதாவது நடக்குமா? ஆயிரத்தில் ஒரு புள்ளிதானே நான்?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, செட்டிநாட்டில் பிறந்துவிட்டு 'ஒரு புள்ளிதானே' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மற்ற ஊர்களில் புள்ளி என்றால் கோலத்துக்கு வைப்பது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரிடம் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. இளையாற்றங்குடி தொடங்கி வேலங்குடி வரை ஒன்பது நகரக் கோயில்களும் அந்தக் கணக்கை நம்பித்தான் நிற்கின்றன. ரங்கூனில் கடை வைத்திருந்தவரும் ஒரு புள்ளி, அவர் கடையில் கணக்கெழுதியவரும் ஒரு புள்ளி. கோயிலுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று புள்ளி வரி கொடுத்தவர் கோயில் கணக்கைக் கேட்கத் தயங்குவதில்லை. அந்தத் துணிச்சலைப் பள்ளிக்கூட வாசலில் மட்டும் ஏன் செருப்போடு கழற்றிவிடுகிறோம்?

இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்: அரசுப் பள்ளியை 'இலவசப் பள்ளி' என்று சொல்லாதீர்கள். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோம். ஊரே சேர்ந்து கட்டிய புள்ளி வரியில் நடக்கிற பள்ளி அது.

சொன்னால் நடக்குமா என்கிறீர்கள். நடந்திருக்கிறது. 1953-இல் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மாநிலமெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அந்தத் திட்டம் ஒழிந்தது. 1956-இல் மதிய உணவு வந்தது.

ஆனால் பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். 'பள்ளியைக் கவனியுங்கள்' என்றால், 'கட்டாயம் ஆச்சி' என்று கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். எத்தனை வகுப்புக்கு எத்தனை ஆசிரியர், காலியிடம் எத்தனை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவின் தீர்மானத்தையும் வாங்கித் தாளோடு சேருங்கள்.

'தில்லியிலிருந்து பணம் வரவில்லை' என்பார்கள். அதில் உண்மை உண்டு. 1976-இல் கொண்டுவந்த அரசமைப்புத் திருத்தம் மாநிலங்களிடம் இருந்த கல்வியை, தில்லியும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2024–25-க்கான நிதியைத் தில்லி நிறுத்திவைத்தது. பிள்ளைகளின் பணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கொள்கையை ஏற்கச் சொல்வதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. ஆகவே தில்லிக்குப் போகிறவர்களிடமும் கேட்க, அந்தத் தாளை மக்களவைத் தேர்தல்வரை பத்திரமாக வையுங்கள். ஆனால் காலியிடத்தில் ஆசிரியரைப் போடுவது சென்னையின் வேலை. அதற்குத் தில்லியைக் கைகாட்டினால் விடாதீர்கள்.

இதைச் சொல்லும்போது நம் வள்ளல் அழகப்ப செட்டியார் நினைவு வருகிறது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். கொடுத்தது தேசத்தின் பொதுச் சொத்துக்கு. ஆண்டில் ஒருமுறை வந்து, பூட்டிக்கிடக்கும் வளவு வீட்டை, அந்தப் பெரிய முற்றத்து வீட்டைத் திறந்து வெள்ளையடித்துவிட்டுப் போகும் பெரும்புள்ளிகள் எதிரே இருக்கும் பள்ளியையும் எட்டிப் பார்க்க வேண்டும். பணம் கொடுக்கச் சொல்லவில்லை. உங்களோடு திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்.

வேட்பாளர்கள் வந்து போனபின், தாளின் ஒரு பிரதியும் ஒவ்வொருவரும் சொன்ன பதிலும் எனக்கு அனுப்புங்கள், ஆச்சி. இதே பக்கத்தில், பெயரோடு அச்சிடுகிறேன்.