மடக்கு நாற்காலியில் தாத்தா

அன்புள்ள ஐயா,

நாங்களும் உங்களைப் போல நியூ ஜெர்சியில்தான் இருக்கிறோம். இரண்டு பையன்கள், வயது பதினொன்று, எட்டு. மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிடும். பெரியவனுக்கு வாரம் மூன்று நாள் பேஸ்பால், சின்னவனுக்கு இரண்டு நாள். நடுவில் நீச்சல், செஸ், கணக்கு வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி.

இந்த ஏப்ரலில் மாமனாரும் மாமியாரும் மதுரையிலிருந்து ஆறு மாதம் இருக்க வருகிறார்கள். மே கடைசியில் டெக்சாஸிலிருந்து நாத்தனார் குடும்பம் பத்து நாள் வருகிறது. போன தடவை வந்திருந்தபோது மாமனார், “ஜெயில்ல கூட மத்தியானம் யாராவது பேசுவாங்க” என்றார். அது இன்னும் மனதில் உறுத்துகிறது. அவர்கள் இருக்கும்வரை பையன்களின் வகுப்புகளை எல்லாம் நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். கணவரைக் கேட்டால், “அவங்க டிவி பார்ப்பாங்க, விடு” என்கிறார். நீங்கள் என்ன செய்தீர்கள்?

(பெயர் வேண்டாமே.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். ஒன்றிரண்டைக் குறைக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மாமனார் சொன்னதையே என் அப்பா வேறு மாதிரி சொன்னார். 2013 ஏப்ரலில் அவரும் அம்மாவும் முதல் தடவையாக இங்கே வந்தார்கள். மூன்றாவது வாரம், “உன் வீட்ல எல்லாம் இருக்கு, எனக்குப் போறதுக்குத்தான் ஒரு இடம் இல்ல” என்றார். ஊரில் அவருக்குக் காலையில் டீக்கடை, பத்து மணிக்குத் தபால் ஆபீஸ், சாயங்காலம் கோயில் வாசல். எல்லாம் நடக்கிற தூரம். எங்கள் தெருவிலோ நடைபாதையே கிடையாது, பால் வாங்க மூன்று மைல் போகவேண்டும். கார் ஓட்டத் தெரியாதவர் இங்கே வந்தால் காலைக் கழற்றி ஊரிலேயே வைத்துவிட்டு வந்த மாதிரிதான். நான் அதைப் புரிந்துகொள்ளாமல், பேரன்கள் வீட்டில் இல்லாததுதான் குறை என்று நினைத்தேன். ஒரு வாரம் எல்லா வகுப்புக்கும் லீவு போட்டேன். பையன்கள் ஐபேடோடு ஒரு சோபாவில் இருந்தார்கள், அப்பா இன்னொரு சோபாவில் இருந்தார். அந்த வாரம் நடந்தது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வேறு வழியில்லாமல் அவரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திய பிறகு இங்கே சாயங்காலம் நீண்டுவிடுகிறது இல்லையா, அதனால் ஏப்ரல் நடுவில் ஏழரை மணிவரை வெளிச்சம் இருக்கும். அப்பா வேட்டிக்கு மேல் என் பழைய குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் நாள் முழுக்க அவருக்குக் கோபம்தான். பந்து தரையில் படவே இல்லை, எல்லாம் ஃபுல் டாஸ், அதைக்கூட அடிக்கத் தெரியவில்லை பையன்களுக்கு. பெரியவன் பந்தைத் தட்டிப் பின்பக்கம் அனுப்பியதும் கை தட்டினார். அது ஃபவுல், கோட்டுக்கு வெளியே போன பந்து, ரன் கிடையாது என்று சொன்னேன். “லேட் கட்டுக்கு நாலு ரன் கொடுக்க மாட்டானா? என்னடா ஆட்டம் இது!”

கோபம் வந்துவிட்டால் ஒரு மனிதர் ஆட்டத்துக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். அப்பா கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். அணியில் ஒரு பையனின் அம்மா ஸ்கோர் நோட்டில் என்னவோ எழுதுவதைப் பார்த்து எட்டி எட்டிப் பார்த்தார். பேஸ்பால் கணக்கில் பந்தைத் தடுத்துப் பிடிப்பவர்களைப் பெயரால் எழுதுவதில்லை, நிற்கும் இடத்துக்குத்தான் எண். பந்து வீசுபவர் 1, பிடிப்பவர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3, இரண்டாம் பேஸில் நிற்பவர் 4 என்று 9 வரை. 6-4-3 என்று எழுதியிருந்தால் பந்து யாரிடமிருந்து யாருக்குப் போய் யாரிடம் முடிந்தது என்று தெரிந்துவிடும், அதுவும் இரண்டு பேர் அவுட் ஆன கதை. பேரேட்டில் பணம் கைமாறுவது போலவே இருக்கிறது என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். இரண்டே வாரத்தில் நோட்டு அவர் மடிக்கு வந்துவிட்டது. நோட்டு வைத்திருந்த அம்மா விடுதலையாகிக் காபி குடிக்கப் போய்விட்டார்.

அதைவிடப் பெரிய பதவி பந்து எண்ணுவது. சின்னப் பையன்களின் முழங்கையும் தோளும் கெட்டுவிடக் கூடாதென்று லிட்டில் லீக் என்கிற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் ஒருவன் ஒரு நாளில் எத்தனை பந்து வீசலாம் என்பதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். இது 2007-ல் வந்த விதி. ஒன்பது, பத்து வயதுக்கு 75. பதினொன்று, பன்னிரண்டுக்கு 85. அறுபத்தாறைத் தொட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு. இதற்கென்று கையில் வைத்து அமுக்குகிற ஒரு சின்ன எண்ணி உண்டு. அப்பா அதைத் தொடவே மாட்டார், வாய்விட்டுத் தமிழில் எண்ணுவார். பெரியவன் வீசும்போது சின்னவனும் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து எண்ணுவான். அறுபத்தொன்பது, எழுபது என்று தமிழ்ப் பள்ளியில் இரண்டு வருடம் தடுமாறியது மைதானத்தில் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. ஆனால் எழுபத்தைந்துக்கு மேல் அவனுக்கு இன்றைக்கும் சந்தேகம்தான், அண்ணனுக்கு அப்போது வயது பத்து.

அம்மாவுக்கு ஸ்கோரில் நாட்டமில்லை. அவர் கண் மைதானத்து ஓரப் புதரில் இருந்தது. பந்து எடுக்கப் பையன்கள் உள்ளே நுழைந்து நுழைந்து வருவார்கள். மே, ஜூனில் அங்கேதான் மான் உண்ணி. அது கடித்து வரும் லைம் நோய் அதிகம் உள்ள மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், மச்சம் என்று விட்டுவிடுவோம். நான் டாக்டர் கொடுத்த துண்டுப் பிரசுரத்தைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். ஊரில் இரண்டு மாடு வைத்திருந்த பெண்மணியிடம் உண்ணி பற்றிப் பாடம்! தினமும் குளிக்க வைத்து, அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் சோறு போட்டார். ஒரு நாள் சின்னவன் இடுப்பில் ஒன்று இருந்தது. நசுக்காமல், திருகாமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தார். பிரசுரத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. கடித்து ஒரு நாள் ஆவதற்குள் எடுத்துவிட்டால் ஆபத்து ரொம்பக் குறைவு. இந்த வேலையை உங்கள் மாமியாரிடம் கொடுங்கள். பையன்கள் கூச்சப்படுவார்கள், படட்டும்.

சரி, குறைக்க வேண்டியவை. முதலில் நயாகரா. நாங்கள் போனோம். போக ஏழு மணி நேரம், வர எட்டு. அப்பாவுக்குக் கால் வீங்கியது, பின்சீட்டில் பையன்கள் அடித்துக்கொண்டார்கள், அருவியை நாற்பது நிமிடம் பார்த்தோம். பெரியவர்கள் ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு போட்டோ தேவை என்றால் நூவார்க்கின் பிராஞ்ச் புரூக் பூங்கா போதும். ஐயாயிரத்துக்கும் மேல் செர்ரி மரங்கள் இருக்கின்றன, வாஷிங்டனைவிட அதிகம். ஏப்ரல் நடுவில் பூக்கும். வார நாளில் போனால் உட்கார பெஞ்சு கிடைக்கும். வந்து இறங்கிய முதல் வாரம் மட்டும் எங்கேயும் இழுக்காதீர்கள், ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தில் விடிகாலை மூன்று மணிக்குப் பாத்திரம் உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து கணக்கு வகுப்பு. அதை நிறுத்தலாம். ஆனால் அந்த இடத்தில் மாமனாரை உட்கார வைக்காதீர்கள். அப்பா வகுத்தல் சொல்லித் தந்தார். அவர் போடும் முறை வேறு, பள்ளியில் போடும் முறை வேறு. மூன்றாம் நாள் தாத்தாவும் பேரனும் பேசிக்கொள்ளவில்லை.

நாத்தனார் விஷயத்தில்தான் உங்களுக்கு உண்மையான சிக்கல் வரும். டெக்சாஸ் பள்ளிகள் மே கடைசியில் முடிந்துவிடும். நமக்கு ஜூன் இரண்டாம் பாதிவரை பள்ளி உண்டு. அந்தப் பிள்ளைகள் லீவில் ராத்திரி பன்னிரண்டு மணிவரை விழித்திருக்கும், உங்கள் பையன்கள் காலையில் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கவேண்டும். இதை இப்போதே போனில் சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொன்னால் மனத்தாங்கல் ஆகிவிடும். முடிந்தால் பத்து நாளை ஜூன் கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

கருவேப்பிலை கொண்டுவர வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டீர்களா? எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கிற பூச்சி அதில் வருகிறதென்று விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். அம்மா இரண்டு தடவை பறிகொடுத்தார். காய்ந்த வேப்பம்பூவை மட்டும் பொட்டலம் கட்டி, எழுதித் தரும் படிவத்தில் குறிப்பிட்டுவிட்டுக் கொண்டுவந்தார். பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள், அந்த வருடம் சித்திரை ஒன்றுக்குப் பச்சடி கிடைத்தது.

உங்கள் கணவர் உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். வாரம் ஐந்து நாள் பயிற்சிக்கு வண்டி ஓட்டுவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது. வருவது அவருடைய அப்பா. செவ்வாய், வியாழன் இரண்டு நாளாவது அவரே அப்பாவையும் மகனையும் ஏற்றிக்கொண்டு போகட்டும். நீங்கள் வீட்டில் காலை நீட்டி உட்காருங்கள்.

நாற்காலி வாங்கும்போது கைப்பிடி உறுதியானதாகப் பார்த்து வாங்குங்கள், தாழ்வான மாடல் வேண்டாம், எழுந்திருக்க முடியாது. ஏப்ரல் முழுக்க வெயில் இறங்கியதும் குளிரும். மாமனாரிடம் கம்பளிக் குல்லாய் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். பையன்களுக்கு வெட்கமாக இருக்கும், இரண்டாவது ஆட்டத்தில் சரியாகிவிடும்.

அன்புடன்.