எட்டெழுத்துக் குருவி

அன்புள்ள ஐயா,

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். கதைப் புத்தகம் கொடுத்தால் 'இது நிஜமா?' என்று கேட்டு மூடிவைத்துவிடுகிறாள். விலங்குகள், அறிவியல் என்று ஏதாவது வாங்கலாமென்று கடைக்குப் போனால் தடிமனான பொது அறிவுக் கேள்வி பதில் தொகுப்பை எடுத்து நீட்டுகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தொகுப்பை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். உலகிலேயே உயரமான மலை எது என்று அதில் இருக்கும். அங்கே போனால் ஏன் மூச்சு வாங்குகிறது என்று இருக்காது. 'நிஜமா?' என்று கேட்கிறவளுக்கு இரண்டாவதுதானே வேண்டும்?

எறும்போ கிணறோ சைக்கிளோ, ஒரே பொருளைப் பற்றிய மெல்லிய புத்தகமாகத் தேடுங்கள். முதலில் படத்தைப் பாருங்கள். எறும்பு என்றால் கால்களை எண்ணுங்கள். ஆறு இருக்க வேண்டும். ஆறும் உடலின் நடுப்பகுதியிலிருந்து கிளம்ப வேண்டும். வயிற்றில் இரண்டு காலை ஒட்டவைத்த படத்தை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கூட்டும் பிள்ளை படத்தை நம்பித்தான் படிக்கிறது. தூக்கணாங்குருவிப் புத்தகத்தில் தாய்க்குருவி கூடு பின்னினால் வாங்காதீர்கள். பின்னுவது ஆண். பாதி முடிந்ததும் பெண் வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால்தான் ஜோடி சேரும். இதற்கு மேல் என்ன கதை வேண்டும்?

நீளமான சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். 'தூக்கணாங்குருவி' எட்டெழுத்து, 'சுற்றுச்சூழல்' ஏழெழுத்து. ஆனாலும் கூட்டைப் படத்தில் பார்த்ததும் முதல் சொல் வாய்க்கு வந்துவிடும். பிறகு எழுத்தைச் சரிபார்த்துக்கொள்வதுதான் வேலை. இரண்டாவதற்கு எந்தப் படத்தைக் காட்டுவது? வாக்கியம் மட்டும் நாலைந்து சொல்லில் முடியட்டும். 'எனப்படும்' என்று முடிகிற வாக்கியங்கள் பாடநூலோடு நிற்கட்டும்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்திருக்கின்றன. அரசுப் பள்ளி ஆசிரியர் யாராவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்ப் புத்தகங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் இரண்டு நிலைகளில் தேடுங்கள். மொழிபெயர்ப்பு சில இடங்களில் இடறும். ஆகவே, கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை உரக்க வாசித்துவிடுங்கள்.

எறும்புப் புத்தகம் கிடைத்தால், முடித்ததும் அவளிடம் ஒரு சிட்டிகை சர்க்கரையும் பூதக்கண்ணாடியும் கொடுங்கள். கால்களை அவளே எண்ணட்டும். புத்தகத்தில் தப்பு இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.