நோனினோவுக்கு விடை

வணக்கம். அர்ஜென்டினா இசையமைப்பாளர் பியாசோலாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 'அடியோஸ் நோனினோ' கேட்டேன். பாடல் வரி கிடையாது, வெறும் வாத்திய இசை. ஆனாலும் வேகம் தணிந்து அந்த மெட்டு வந்ததும் அழுதுவிட்டேன். தன் அப்பா இறந்தபோது அவர் எழுதியது என்று தெரிந்ததால் வந்த அழுகையா? கதை தெரியாமல் கேட்டிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கதைக்கும் பங்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதை இசைக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

1954இல் பாரிஸில் இருந்தபோது பியாசோலா தன் அப்பா விசென்டேவுக்காக 'நோனினோ' என்று ஒரு டாங்கோ நடன இசை எழுதினார். பேரப்பிள்ளைகள் தாத்தாவைக் கூப்பிட்ட செல்லப்பெயர் அது. துடிப்பான, மிடுக்கான இசை. 1959இல் பயணத்தில் இருந்தபோது அப்பா இறந்த செய்தி வந்தது. நியூயார்க் திரும்பியவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து 'அடியோஸ் நோனினோ'வை எழுதினார். முழுக்கப் புதிதாக எழுதவில்லை. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய அந்தத் தாளக்கட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குள் ஓர் ஒப்பாரியை வைத்தார். விறுவிறுவென்று நடந்து வந்த ஒருவர் சட்டென்று இல்லாமல் போகிறார். இதை உணர ஸ்பானிய மொழி வேண்டாம், கதையும் வேண்டாம். உங்கள் காதுக்கு அது தெரிந்திருக்கிறது.

அப்புறம், பியாசோலா வாசித்த அந்த வாத்தியம், பாண்டோனியன். அது ஜெர்மனியில் பிறந்தது. நம் ஆர்மோனியத்துக்கு ஒருவகையில் தூரத்து உறவு. ஆர்மோனியம் போலவே துருத்தியும் ரீடும்தான். ஆனால் இதில் துருத்தியை இழுக்கும்போது ஒரு ஸ்வரம், அதே பொத்தானை அழுத்தியபடி மூடும்போது பெரும்பாலும் வேறொரு ஸ்வரம். வாசிப்பவர்கள் பெரும்பாலும் விரித்துத்தான் வாசிப்பார்கள். முழுக்க விரிந்ததும் காற்றுத் திறப்பை அழுத்திச் சட்டென்று மூடிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். நல்ல ஹெட்போனில் கேட்டால் அந்த இடத்தில் 'உஸ்' என்று காற்று போவது கேட்கும். அழுகைக்கு நடுவே மூச்சு வாங்குவது போலவே இருக்கும். என்னை உடைப்பது ஒவ்வொரு முறையும் அந்த மூச்சுதான், மெட்டுகூட இல்லை. பியாசோலாவுக்கு முதல் பாண்டோனியனை எட்டு வயதில் வாங்கிக் கொடுத்தவரும் அந்த அப்பாதான்.

2002இல் ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்து இளவரசரின் திருமணம். மணப்பெண் மாக்ஸிமா அர்ஜென்டினாக்காரர். அவருடைய அப்பா ராணுவ ஆட்சியில் அமைச்சராக இருந்தவர் என்பதால் திருமணத்துக்கு வரவில்லை. தேவாலயத்தில் 'அடியோஸ் நோனினோ'வை வாசித்தார்கள். மணப்பெண் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பியாசோலாவின் அப்பாவுக்காக அவர் அழுதிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

1969இல் வந்த பதிவையும் கேளுங்கள். அதில் பியானோ மட்டும் நெடுநேரம் தனியாகப் போகும், பாண்டோனியன் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் கடிதத்தில் உங்கள் அப்பாவைப் பற்றி எதுவும் இல்லை. விருப்பம் இருந்தால் எழுதுங்கள்.