போர்ட்டிகோ தரையில் தண்ணீர் தேங்குகிறதா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் போர்ட்டிகோ 10 அடிக்கு 18 அடி. கார் நிற்கும் கான்கிரீட் தரை மேடும் பள்ளமுமாகி, பின் சக்கரம் நிற்கும் இடத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் தேங்குகிறது. சம்ப் மூடி அருகே விரிசலும் உண்டு. கொத்தனார் அரை அங்குலம் சிமென்ட் பூசிக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் அப்பளமாகப் பெயர்ந்துவிட்டது. முழுதாக உடைக்காமல் சரிசெய்ய முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: தரை கீழே இறங்குவது நின்றிருந்தால் முடியும். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். சம்ப்பின் மேல்தளம் அதன் சுவர்கள் மேல் உட்கார்ந்திருப்பதால் இறங்காது. பக்கத்துத் தரை நிரப்பு மண்ணின் மேல் இருக்கிறது; மண்ணைச் சரியாக இடிக்காமல் விட்டிருந்தால் அது இறங்கும். விரிசல் சம்ப்பின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது என்றால் காரணம் இதுதான். விரிசலின் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் கெட்டியான சிமென்ட் பொட்டு வையுங்கள். ஒரு மழைக்காலம் கடந்தும் பொட்டு உடையவில்லை என்றால் பழைய தரைமேலேயே புதுக் கான்கிரீட் போடலாம். உடைந்தால், இறங்கிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, மண்ணை 6 அங்குல அடுக்குகளாக நீர் விட்டு இடித்து, 4 அங்குலக் கான்கிரீட் புதிதாகப் போடுவதுதான் வழி. இறங்கிக்கொண்டிருக்கும் தரைமேல் எதைப் போட்டாலும் பணம் வீண்.

அடுத்தது உயரம். புதுக் கான்கிரீட் எந்த இடத்திலும் 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பள்ளத்தில் 65 மி.மீ. வரை வரும். கேட் திறக்குமா, வாசற்படி தாழ்ந்துபோய் மழைநீர் வீட்டுக்குள் வருமா என்று இப்போதே அளந்துவிடுங்கள். சம்ப் மூடியின் சட்டத்தையும் அதே அளவு உயர்த்த வேண்டும்.

பூச்சு பெயர்ந்ததற்குக் காரணம், பழைய தரையின் மேல் இருந்த சிமென்ட் பால் படலமும் எண்ணெய்க் கறையும்தான். ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதும் என்பார்கள். ஆசிட் எண்ணெயை எடுக்காது. சிப்பிங் மெஷினால் தரை முழுவதும் 3 முதல் 5 மி.மீ. கொத்தி, ஜல்லி முகம் தெரிய வேண்டும். எண்ணெய் ஊறிய இடத்தில் இன்னும் ஆழமாகக் கொத்துங்கள். பிறகு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளல் சத்தம் வரும் இடமெல்லாம் எடுத்தாக வேண்டும். சுத்தம் செய்த தரையில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. உறிஞ்சினால் தரை தயார். ஓரங்களில் புதுக் கான்கிரீட்டைப் பூஜ்யத்துக்குத் தேய்த்து முடிக்கக் கூடாது, டயர் ஏறிய சில நாளில் அங்கிருந்துதான் பெயரத் தொடங்கும். கட்டரால் கோடு வெட்டி, அங்கேயும் 40 மி.மீ. கனம் கிடைக்கும்படி கொத்திக்கொள்ளுங்கள்.

கார் தரைக்கு வாட்டம் அவசியம்: 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம், கேட் பக்கம் இறக்கம். 18 அடிக்கு இரண்டேகால் அங்குலம் வரும். டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய டியூப்) பிடித்துச் சுவரில் குறித்து, நூல் கட்டி, 5 அடிக்கு ஒன்றாக, உயரம் காட்டும் மட்டப்பொட்டு வையுங்கள்.

சராசரி 2 அங்குலக் கனத்துக்கு 7 மூட்டை சிமென்ட், 13 கன அடி எம்-சாண்ட், 26 கன அடி 12 மி.மீ. ஜல்லி தேவைப்படும். கலவை 1:1½:3. மூட்டைக்கு 22 முதல் 23 லிட்டர் தண்ணீருக்கு மேல் விடாதீர்கள். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறையுங்கள்.

முதல் நாள் இரவு தரையை ஊற வையுங்கள். காலையில் ஈரம் இருக்கலாம், தேங்கிய நீர் இருக்கக் கூடாது. எஸ்பிஆர் லேடெக்ஸ் (பழைய தரையோடு புதுக் கான்கிரீட் ஒட்ட உதவும் திரவம்) ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, கெட்டி பெயின்ட் பதம் வரும்வரை சிமென்ட் சேர்த்து, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கான்கிரீட் விழ வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதில் பிரிக்கும் படலமாகிவிடும். சுரண்டிவிட்டு மறுபடி பூசுங்கள். நம் ஊர் வெயிலுக்கு, கால் மணி நேரத்தில் மூடக்கூடிய அளவு மட்டும் பூசுவது நல்லது.

மட்டக்கட்டையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, துடைப்பத்தால் லேசாகக் கோடு இழுத்து விடுங்கள். வழவழப்புக்காக உலர் சிமென்ட் தூவித் தேய்க்க விடவே கூடாது. வலைபோல் விரிசல் விழும், மழையில் வழுக்கும். சம்ப் விளிம்புக்கு நேர் மேலே, புதுக் கான்கிரீட்டின் முழுக் கனத்துக்கும் இடைவெளி விட்டு, பாலியூரித்தேன் சீலன்ட் அடையுங்கள். அந்தக் கோட்டை மூடி மறைத்தால் அதே இடத்தில் விரிசல் மேலே வந்துவிடும்.

மறுநாள் காலை முதல் ஈரச் சாக்கு போட்டு 10 நாள் தண்ணீர் காட்டுங்கள். 14 நாளுக்கு முன் காரை ஏற்ற வேண்டாம். 28 நாள் பொறுத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: கடையில் விற்கும் செல்ஃப் லெவலிங் கலவையை ஊற்றினால் வேலை சுலபம்தானே?
– வாசகர், ஈரோடு

பதில்: மூடிய கேரேஜுக்குள் 10 மி.மீ.க்கு உட்பட்ட மேடுபள்ளம் என்றால் ஊற்றலாம். திறந்த போர்ட்டிகோவுக்கு வேண்டாம். அது தானாகப் பரவி மட்டமாகிவிடுவதால் வாட்டம் போய்விடும். பெரும்பாலானவை உள்தரைக்கானவை, பையில் வாகனச் சுமைக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. கனத்துக்குச் சுமார் 1.7 கிலோ பிடிக்கும். உங்கள் தரை 180 சதுர அடி, கனம் 10 மி.மீ. என்றால் 25 கிலோ பை 12 ஆகும். தண்ணீரை அளவுக் குவளையால் மட்டுமே விடுங்கள். கூடினால் மேல்பரப்பு மாவாக உதிரும்.

கேள்வி: பழைய தரைமேல் பார்க்கிங் டைல்ஸ் ஒட்டலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தரை உறுதியாக இருந்து வாட்டமும் சரியாக இருந்தால் ஒட்டலாம். டைல்ஸ் பின்னால் அங்கங்கே உருண்டை வைத்து ஒட்ட விடாதீர்கள். அடியில் வெற்றிடம் இருக்கும் இடத்தில் சக்கரம் ஏறியதும் உடையும். பல் கரண்டியால் முழுப் பரப்பிலும் பசை இழுக்கச் சொல்லுங்கள். முதலில் ஒட்டிய டைல்ஸ் ஒன்றை உடனே பெயர்த்துப் பின்பக்கம் முழுக்கப் பசை பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு போகலாம்.