எலியை வைத்து என்ன வேலை கிடைக்கும்?

அன்புள்ள அக்கா,

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். "டாக்டராவாள் என்று பார்த்தால், எலியோடு உட்காரப் போகிறேன் என்கிறாள்" என்ற வரியில் கோபத்தைவிடப் பயம்தான் எனக்குத் தெரிந்தது. மகள் வெஸ்ட்வில் வளாகத்தில் பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு. பட்டத்துக்குப் பிறகு வரும் ஹானர்ஸ் படிப்பில் எலியின் நொதி மரபணுக்களை எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள். அது என்னவென்று தெரியாமல் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உடம்பில் வேதிவினைகளை முடுக்கிவிடுவது நொதி. அதைச் செய்யும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. எப்போதோ ஒரு மரபணு நகலாகி, நகல் பக்கத்திலேயே தங்கிவிடுவதுண்டு. அப்பா நிலத்தில் அண்ணன் தம்பிகள் வரிசையாக வீடு கட்டிக்கொள்கிற மாதிரி. எலியின் 8ஆம் குரோமோசோமில் எஸ்டரேஸ் என்ற நொதிகளின் மரபணுக்கள் இப்படித்தான் கூட்டமாக இருக்கின்றன. யார் வீட்டுக்கு அடுத்தது யார் வீடு என்று பார்க்க, இரண்டு தூய இனங்களைக் கலந்து, பிறந்த குட்டியை மறுபடி ஒரு பெற்றோர் இனத்தோடு சேர்த்து, பேரக்குட்டிகளை எண்ணுவார்கள். 100 குட்டிகளில் ஒன்றில் மட்டும் இரண்டு குணங்கள் பிரிந்தால் இடைவெளி ஒரு சென்டிமார்கன். எலியில் இப்படி இரண்டு குணங்கள் சேர்ந்தே இறங்கும் பிணைப்பை மரபியலாளர் ஹால்டேனும் கூட்டாளிகளும் 1915இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகள் எளிதில் பிரியாது. அதற்கு நூற்றுக்கணக்கில் குட்டிகள் வேண்டும்.

ஏ/ஜே இன எலியில் மந்தமாகவும் சி57பிஎல்/6 இனத்தில் வேகமாகவும் வேலை செய்யும் நொதி ஒன்று உண்டு. மருந்துகளின் மேல் அசிட்டைல் என்ற சிறு வேதித்துண்டை ஏற்றுவது அதன் வேலை. அதன் மரபணு எஸ்டரேஸ் ஒன்றோடு சேர்ந்து இறங்குவதைக் கவனித்துத்தான் 8ஆம் குரோமோசோம் என்று பிடித்தார்கள். மனிதரிலும் அசிட்டைல் ஏற்றும் இந்த நொதியின் மரபணுக் குடும்பம் 8ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட்டை நம் உடம்பு கழிப்பது இதன் வழியாக. நொதி மந்தமானவருக்கு மருந்து ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். கை கால் மரத்துப்போகும் ஆபத்தும் கூடும். காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் டர்பனில் இதை வீண் படிப்பு என்று எப்படிச் சொல்வது?

இனி வேலை. வெறும் பி.எஸ்ஸி.யோடு நின்றால் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். ஹானர்ஸுக்குப் பிறகு இரண்டு வருடப் பயிற்சி முடித்து, தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் மருத்துவ விஞ்ஞானியாகப் பதிவு செய்யலாம். அந்த இடங்களுக்குப் போட்டி உண்டு. நோயாளிகளோடு பேசும் வேலை பிடிக்குமானால் மரபு நோய் பற்றி ஆலோசனை சொல்லும் ஜெனடிக் கவுன்சலர் ஆகலாம், அதற்குத் தனி எம்.எஸ்ஸி. வேண்டும். நான் அதிகம் நம்புவது கணினிப் பக்கத்தை. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் அண்ணன் தம்பி மரபணுக்களைத் துண்டு துண்டாகப் படிக்கும்போது இயந்திரமே குழம்பி ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்துவிடும். அதைப் பிரித்துச் சரிபார்க்கத் தெரிந்தவள் நாளை எலியை விட்டு மனிதருக்கும் கரும்புக்கும் போகலாம். ஆகவே இந்த விடுமுறையிலேயே பைத்தான் என்ற கணினி மொழியும் புள்ளியியலும் தொடங்கச் சொல்லுங்கள்.

பணம்: அரசின் மாணவர் நிதியுதவியான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். முதல் பட்டத்தோடு நின்றுவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹானர்ஸுக்கு தேசிய ஆய்வு அறக்கட்டளையான என்.ஆர்.எஃப். தரும் உதவித்தொகை, மூன்றாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் போச்சு.

பிள்ளையார் வாகனத்தைக் கொல்வது பாவமில்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். இதற்கு அறிவியலில் பதில் இல்லை அக்கா. விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எலியைத் தொடவே முடியாது என்பது வரை எனக்குத் தெரியும். எலியையே பார்க்காமல் தரவை வைத்து மட்டும் செய்யும் ஆய்வுகளும் இருக்கின்றன. அவள் கையால் முடியுமா என்பதை அவளிடமே, திட்டாமல், கேளுங்கள்.

அடுத்த வாரம் மதிப்பெண் பட்டியலோடு இரண்டு பேரும் வாருங்கள். அதற்குள் அவள் தன் பேராசிரியரிடம் ஒன்று கேட்டு வரட்டும்: கடந்த ஐந்து வருடத்தில் அவரிடம் ஹானர்ஸ் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?